வீட்டுக்கு வீடு செல்போன் வந்தாச்சு... பிள்ளைக்குப் படிப்பு வந்துச்சா?

சென்னை: "ஹோம் ஒர்க் வாட்ஸ்-அப்புல வந்திருக்கு, போனைக் குடு" - சாயங்காலம் ஆறு மணி ஆனால் இந்தக் குரல் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இப்போது குறைவு. ஹவுசிங் போர்டு குடியிருப்பிலும் கேட்கிறது, செங்கல் சூளைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டு வீட்டிலும் கேட்கிறது. வேலை முடிந்து அப்பா வாசல்படி ஏறியதும் முதலில் பறிபோவது அவர் சட்டைப்பையில் இருக்கும் செல்போன்தான்.

போனை வாங்கிய பிள்ளை பாடம் படிக்கிறதா, ரீல்ஸ் பார்க்கிறதா என்று கவனிக்க வீட்டில் ஆள் இல்லை. அம்மா அடுப்படியில் நிற்கிறார். அப்பா அசதியில் சாய்ந்துவிடுகிறார். சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போய் வருகிற பெற்றோருக்கு, எட்டாம் வகுப்புக் கணக்கு செல்போனில் வந்தால் என்ன, ஓலைச்சுவடியில் வந்தால் என்ன? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர முடியாது.

லேப்டாப், டி.வி., செல்போன், ஸ்மார்ட் போர்டு, இப்போது ஏ.ஐ. என்று 15 வருடமாக ஒன்றன்பின் ஒன்றாக பள்ளிக்கூடத்துக்குள் சாமான் வந்துகொண்டே இருக்கிறது. இதில் எது பிள்ளைகளுக்கு உதவியது, எது பெற்றோர் தலையில் புதுச் செலவாக விழுந்தது என்ற கணக்கை யாராவது போட்டுப் பார்க்க வேண்டாமா?

லேப்டாப் காலம்

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் வைத்து இலவச லேப்டாப் திட்டத்தை அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவ-மாணவிகளுக்கு, எல்காட் நிறுவனம் மூலம் கொள்முதல் செய்து கொடுத்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் கைமாறின. இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் அந்த அளவுக்கு அப்போது யோசிக்கக்கூட இல்லை.

அதை வைத்து படம் பார்த்தார்கள், பாட்டு கேட்டார்கள், சிலர் விற்றுக் காசாக்கினார்கள் என்று அப்போது நிறைய கேலி வந்தது. நடந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கேலி பேசியவர்கள் வீட்டில் ஏற்கனவே கம்ப்யூட்டர் இருந்தது. குடும்பத்தில் முதல் ஆளாக என்ஜினீயரிங், பாலிடெக்னிக் போன பசங்களுக்கு பிராஜெக்ட் செய்யவும், வேலைக்கு விண்ணப்பம் அனுப்பவும் அந்தப் பெட்டிதான் கைகொடுத்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார வேண்டிய அவசியம் போனது. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். ராத்திரி எட்டு மணிக்கு சென்டருக்குப் போய் வருகிறேன் என்றால் எந்த வீட்டில் அனுப்புவார்கள்?

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த லேப்டாப் பிளஸ்-2 வயசுப் பிள்ளைக்கும் கல்லூரி மாணவருக்கும் போனது. தானாகப் படிக்கத் தெரிந்த வயசு அது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்க அது உதவவில்லை. அதற்காக அந்தத் திட்டம் வரவும் இல்லை. 2025-ம் ஆண்டு தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மறுபடியும் அறிவித்தபோது, அது கல்லூரி மாணவர்களுக்கு என்றே சொல்லப்பட்டது. அந்த வகையில் சரியான ஆளுக்குத்தான் போகிறது.

கொரோனா கொடுத்த பாடம்

சிக்கல் ஆரம்பித்தது 2020-ல். மார்ச் மாதம் பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது. 10, 12-ம் வகுப்புக்கு 2021 ஜனவரி 19-ந்தேதி கதவு திறந்தது, பிறகு இரண்டாவது அலையில் மறுபடி மூடியது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகள் திரும்ப வந்தது 2021 நவம்பர் 1-ந்தேதிதான். கிட்டத்தட்ட 19 மாதம். ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டது.

அந்த 19 மாதமும் படிப்பு செல்போனில் நடந்தது என்று சொல்லிக்கொண்டோம். யார் வீட்டில் நடந்தது? தனியார் பள்ளிப் பிள்ளைக்கு தினம் ஆன்லைன் வகுப்பு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வி தொலைக்காட்சி. கல்வி தொலைக்காட்சியைக் குறை சொல்ல முடியாது. அரசு கேபிளில் 200-ம் நம்பரில் வந்தது, வகுப்பு வாரியாக நேரம் போட்டு பாடம் நடத்தினார்கள், பணம் கட்டாமல் பார்க்க முடிந்தது. ஆனால் டி.வி.யிடம் சந்தேகம் கேட்க முடியாது. "தூங்காதே, எழுந்து உட்காரு" என்று அது அதட்டவும் அதட்டாது.

ஒரே போன் இருந்த வீட்டில், அந்தப் போனும் அப்பாவோடு வேலைக்குப் போனது. வீட்டில் இருந்த நேரத்தில் பெரியவனுக்கா சின்னவளுக்கா என்று சண்டை. பெரும்பாலும் ஜெயித்தது பொதுத்தேர்வு எழுதப் போகிற பெரியவன். படிப்பு விட்டுப் போன பையன்கள் பட்டறைக்கும் மளிகைக் கடைக்கும் போனார்கள். பிறகு ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் கூட்டி வர வேண்டியிருந்தது.

கதவு திறந்த பிறகு சேதம் எவ்வளவு என்று பார்த்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டு கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். 2019-ல் அதே ஊரில் அதே வயதில் இருந்த குழந்தைகளை விட, 2021 டிசம்பரில் இருந்த குழந்தைகள் கணக்கிலும் தமிழிலும் ரொம்பவே பின்தங்கி இருந்தது தெரியவந்தது. கணக்கில்தான் அடி பலம். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இழப்பு இன்னும் அதிகம்.

ஆறுதலான சேதியும் அதே ஆய்வில் இருக்கிறது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. அந்த மீட்பில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வி திட்டத்தால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

1000 ரூபாய் அக்கா

இல்லம் தேடிக் கல்வி என்றால் என்ன பெரிய எந்திரமா? 2021 அக்டோபர் 27-ந்தேதி விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. அதே தெருவில் இருக்கும் படித்த பெண், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், திண்ணையிலோ கோவில் மண்டபத்திலோ 20 குழந்தைகளை உட்கார வைத்து சொல்லிக் கொடுப்பார். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு கணக்குப் போட்டால் 35 ரூபாய் கூட வராது.

இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வரை இதில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். டிகிரி முடித்து, கல்யாணம் ஆகி, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தவர்கள். தெருவில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பிள்ளை வரவில்லை என்றால் வாசலில் வந்து "ஏன்க்கா, இன்னிக்கு அனுப்பல?" என்று கேட்பார். எந்த ஆப்பும் இப்படிக் கேட்காது. பெரிய செலவில் வந்த எந்தச் சாமானையும் விட சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் உதவியது இந்த 1000 ரூபாய் அக்காதான் என்று தைரியமாகவே சொல்லலாம்.

பின்னாளில் இந்த மையங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. கொரோனா முடிந்துவிட்டது, இனி எதற்கு என்பது கணக்கு. கொரோனா முடிந்தது சரி. வீட்டில் சொல்லித் தர ஆள் இல்லாத நிலைமை முடிந்ததா?

படிக்கத் தெரிகிறதா?

நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளிடம் அசர் என்ற ஆய்வு நடத்தப்படுகிறது. வீட்டுக்கே போய், இரண்டாம் வகுப்புப் பாடத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். 2018-ல் தமிழ்நாட்டில் சரளமாகப் படித்தவர்கள் 100-க்கு சுமார் 10 பேர். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் அது சுமார் 5 ஆக விழுந்தது. 2024-ல் சுமார் 12 ஆக ஏறியது. ஏறியது சந்தோஷம்தான். ஆனால் நூற்றுக்கு 12 என்பது மார்தட்டிக்கொள்கிற நம்பரா? இந்த ஆய்வு முறையில் குறை இருக்கிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். பிள்ளையைக் கூப்பிட்டு பேப்பரில் நாலு வரி படிக்கச் சொன்னால் எந்த ஆய்வும் இல்லாமல் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

அதே 2024 ஆய்வில் இன்னொரு விஷயம். நாடு முழுக்க 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட் போனை இயக்கத் தெரியும். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் அதில் படிப்பு சம்பந்தமாக ஏதாவது செய்தவர்கள் 57 சதவீதம். சமூக வலைத்தளம் பார்த்தவர்கள் 76 சதவீதம். சொந்தமாக போன் வைத்திருப்பதில் பையன்கள் முன்னால், பெண் பிள்ளைகள் பின்னால்.

போன் வந்த வேகத்துக்கும் படிப்பு வந்த வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ரீசார்ஜ் இலவசம் இல்லை

அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு இலவசம். பிளஸ்-1 போனால் சைக்கிள். மதியம் சத்துணவு. தொடக்கப் பள்ளிக்கு 2022-ல் இருந்து காலையிலும் சாப்பாடு. தமிழ்நாட்டில் ஏழைப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கு காசு ஒரு தடையாக இருக்கக்கூடாது என்று காமராஜர் காலத்தில் இருந்து கட்டிக் காத்த ஏற்பாடு இது.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று செல்போன் ரீசார்ஜ்.

2024 ஜூலையில் செல்போன் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக கட்டணத்தை ஏற்றின. தினம் 1.5 ஜி.பி. தரும் ஜியோவின் 28 நாள் பிளான் 239 ரூபாயில் இருந்து 299 ரூபாய் ஆனது. மாதம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். 28 நாளுக்கு ஒரு தடவை என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். 299-ஐ 13-ஆல் பெருக்கினால் 3 ஆயிரத்து 887 ரூபாய். வீட்டில் இரண்டு போன் என்றால் 7 ஆயிரத்து 774 ரூபாய். டிஸ்பிளே உடைந்தால் அது தனி.

வீட்டுப்பாடம் வாட்ஸ்-அப் குரூப்பில் வருகிறது. பேரன்ட்ஸ் மீட்டிங் தகவல் அதில்தான். புத்தகத்தில் 2018-ல் இருந்து கியூ.ஆர். கோடு அச்சடித்திருக்கிறார்கள், ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். எல்லாம் நல்லதுதான். ஆனால் "நெட் முடிஞ்சிடுச்சு, அதான் எழுதலை" என்று ஒரு பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து நின்றால், அந்த 299 ரூபாய் பள்ளிக் கட்டணமாகத்தான் ஆகிவிட்டது. முன்வாசலில் ஒழித்த கட்டணம் பின்வாசல் வழியாக வந்திருக்கிறது. கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒரு சாக்பீஸ் செலவில் முடியும் வேலை இது.

இதைவிடப் பெரிய தொகையை இழந்தவர்களும் உண்டு. கொரோனா சமயத்தில் ஆன்லைன் டியூஷன் கம்பெனிகள் முளைத்தன. அதில் பெரிசு பைஜூஸ். 2022-ல் அதன் மதிப்பு 22 பில்லியன் டாலர் என்றார்கள். பெற்றோரிடம் கட்டாயப்படுத்தி கோர்ஸ் விற்பதாகவும், கடன் போட வைப்பதாகவும் எழுந்த புகார்கள் தொடர்பாக 2022 டிசம்பரில் தேசிய குழந்தைகள் உரிமை பாதுகாப்பு ஆணையம் அதன் தலைமைச் செயல் அதிகாரி பைஜு ரவீந்திரனுக்கு சம்மன் அனுப்பியது. 2024 ஜூலையில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. தேன் ஒழுகப் பேசும் சேல்ஸ்மேன் வீட்டுக்கு வந்தால், இ.எம்.ஐ. பேப்பரில் கையெழுத்து போடுவதற்கு முன் பத்துத் தடவை யோசிப்பது நல்லது. "உங்க பிள்ளை மேல உங்களுக்கு அக்கறை இல்லையா?" என்ற கேள்விதான் அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம்.

வாத்தியார் கையிலும் போன்

பள்ளிக்கூடத்துக்குள்ளும் சாமான் குவிந்திருக்கிறது. 6 ஆயிரத்து 29 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப். தொடக்கப் பள்ளிகளில் 455 கோடி ரூபாயில் 22 ஆயிரத்து 931 ஸ்மார்ட் வகுப்பறை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்கு டேப்லெட்.

ஸ்மார்ட் போர்டில் இதயம் துடிப்பதையும் எரிமலை வெடிப்பதையும் காட்டினால் பிள்ளைகள் கண் விரியத்தான் செய்யும். அறிவியல் பாடத்துக்கு அது வரப்பிரசாதம். கெட்டிக்கார டீச்சர் கையில் அது இரண்டு மடங்கு வேலை செய்யும்.

ஆனால் அந்த டீச்சருக்கு நேரம் எங்கே? வருகைப் பதிவு ஆப்பில். மதிப்பீடு ஆப்பில். யாருக்கு எத்தனை செருப்பு, எத்தனை நோட்டு, எவ்வளவு உயரம், எவ்வளவு எடை, எல்லாம் எமிஸ் என்ற இணையதளத்தில் ஏற்ற வேண்டும். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் டீச்சரும் போனைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். இந்த வேலையில் இருந்து விடுவிக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் பல வருடமாகக் குரல் கொடுத்து வருகின்றன. பதிவேடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது என்று உடனே கண்டுபிடிக்க அந்தப் பதிவுதான் உதவுகிறது. ஆனால் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒருவர் டேட்டா ஏற்றினால், மிச்சம் ஒருவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். ஆசிரியரின் வேலையைக் குறைக்க வந்த எந்திரம் அவரையே பிடித்து வைத்துக்கொண்டது.

அடுத்து ஏ.ஐ.

இதற்குள் அடுத்தது வந்துவிட்டது. கேள்வியைப் போட்டோ எடுத்துப் போட்டால் விடை வந்து விழுகிறது. கட்டுரை எழுதச் சொன்னால் நொடியில் எழுதுகிறது. வீட்டுப்பாட நோட்டில் எல்லாம் சரி, பரீட்சையில் எல்லாம் தப்பு என்ற கூத்து இனி அதிகமாகும். முன்பு கோனார் உரையைப் பார்த்து எழுதிய பிள்ளைக்குக்கூட எழுதுகிற கைவலியில் நாலு வரி மனதில் நின்றது.

இதே ஏ.ஐ. சொல்லித் தர ஆள் இல்லாத வீட்டில் டியூஷன் வாத்தியாராகவும் மாறலாம். "ஏன் இப்படி வந்தது, எனக்குப் புரியிற மாதிரி மறுபடி சொல்லு" என்று பத்துத் தடவை கேட்டாலும் அது சலிக்காது, திட்டாது. ஆனால் அப்படிக் கேட்பதற்கே கொஞ்சம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது தப்பாகச் சொன்னால் கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்ட வராத பிள்ளையின் கையில் அது வெறும் பொம்மை.

பணக்கார நாடுகளே இப்போது ஒரு எட்டு பின்னால் வைத்திருக்கின்றன. சுவீடனில் சின்னப் பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்துப் பார்த்துவிட்டு, 2023-ல் அச்சடித்த புத்தகம் வாங்க 68 கோடி குரோனருக்கு மேல் ஒதுக்கினார்கள். தென்கொரியாவில் 2025 மார்ச்சில் ஏ.ஐ. பாடப்புத்தகம் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் எதிர்த்ததால், ஆகஸ்டில் அதன் பாடப்புத்தக அந்தஸ்தையே எடுத்துவிட்டு, விருப்பப்பட்டால் பயன்படுத்தும் துணைப் பொருள் ஆக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-ந்தேதி முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை. அங்கெல்லாம் வீட்டுக்கு ஒரு லேப்டாப்பும் வகுப்புக்கு ஒரு ஆசிரியரும் ஏற்கனவே இருந்தும் இந்த யோசனை வந்திருக்கிறது.

பெற்றோர் கேட்க வேண்டியது

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெரும்பாலான உறுப்பினர்கள் பெற்றோர்தான், தலைவரும் பெற்றோர்தான். கையெழுத்துப் போட்டு டீ குடித்து வருகிற கூட்டம் என்று நினைக்க வேண்டாம். அங்கே கேள்வி கேட்க உரிமை உண்டு.

லேப் சாவி யாரிடம் இருக்கிறது, என் பிள்ளை வகுப்பு வாரத்துக்கு எத்தனை பீரியட் அங்கே போகிறது, ஸ்மார்ட் போர்டு கெட்டுப் போனால் யார் ரிப்பேர் செய்வார்கள், நெட் கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று கேட்கலாம். வீட்டுப்பாடத்தை போனில் அனுப்பாமல் நோட்டிலும் எழுதி அனுப்புங்கள் என்று தீர்மானமே போடலாம். சாயங்காலம் பள்ளி லேபை ஒரு மணி நேரம் திறந்து வைத்து, போன் இல்லாத பிள்ளைகளை அங்கேயே உட்கார வைக்க முடியுமா என்றும் கேட்கலாம். தெருவில் சும்மா இருக்கும் படித்த அக்காவை அதற்கு நியமித்தால் மாதம் 1000 ரூபாய்க்கே வருவார் என்பது 2021-ல் நிரூபிக்கப்பட்ட விஷயம்தானே! இப்போது கொஞ்சம் கூட்டித்தான் கொடுங்களேன்.

பள்ளி சம்பந்தமான புகாருக்கும் சந்தேகத்துக்கும் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற நம்பருக்குப் பேசலாம். கட்டணம் கிடையாது. சாதாரண பட்டன் போனில் இருந்தும் பேசலாம்.